தேதி குறித்த பிறகு வந்தார்கள்: பாம்பன் பெண்ணும் பிரெஞ்சுக் குடியுரிமை மாப்பிள்ளையும்

2023 பிப்ரவரி கடைசி. கோர்ட் வேலை முடிந்து ராமநாதபுரம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது பாம்பனிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா கையில் கலியாணப் பத்திரிகையின் மாதிரி இருந்தது. மே 8, திங்கட்கிழமை காலை, ஊர்க் கோயிலில் திருப்பலியோடு திருமணம். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பாரிஸ் என்று போட்டிருந்தது.

அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்கும், சொந்தபந்தம் எல்லோரும் ஊரில் இருப்பார்கள், தவக்காலமும் முடிந்திருக்கும். நம் கடற்கரையில் கலியாணங்கள் அந்த இரண்டு மாதத்தில் குவிவது வழக்கம்தான். அவர் குறித்த தேதியில் அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை. "வக்கீலம்மா, தேதி குறிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்தாச்சு. விசாவுக்கு என்ன பேப்பர் வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் பதில் சொல்லும் முன்பே மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏதோ இருக்கிறது என்று அப்போதே தோன்றியது.

இந்த வழக்கை முழுதாக எழுதக் காரணம், இதே போல மாதத்துக்கு ஒரு குடும்பமாவது தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வருவதுதான். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெண் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், வயது 27, கத்தோலிக்கர். மாப்பிள்ளை ஈழத்தமிழர், சைவர், வயது 37. 2018ல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். அவருடைய சித்தி 1990ல் படகில் வந்து இன்றும் மண்டபம் அகதிகள் முகாமில்தான் இருக்கிறார். சித்திக்கு ஆபரேஷன் நடந்தபோது பார்க்க வந்த இடத்தில் இருவருக்கும் பழக்கம். இங்கே ஒரு விஷயம் இருக்கிறது, கதைக்காகச் சொல்வது அல்ல, பின்னால் தேவைப்படும். முதல் முறை போனில் பேசும்போது அவர் சொன்னார்: "அக்கா, நான் பிறந்ததே உங்கட மண்டபத்திலதான்." 83 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்த பெற்றோருக்கு 1986ல் முகாமில் பிறந்தவர். 87க்குப் பிறகு குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது, 2008ல் அவர் பிரான்ஸ் போய் அகதியாகப் பதிந்து, பத்து வருடம் கழித்துக் குடியுரிமை வாங்கினார். பாக் நீரிணையின் இரு கரையும் பாரிசும் ஒரே ஆளின் காகிதத்தில்.

என்னிடம் வரும் முன் அவர்கள் ஒரு ஏஜென்டிடம் 35,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். கோயிலில் கலியாணம் முடிந்ததும் பத்து நாளில் பதிவு, ஒரு மாதத்தில் மனைவி விசா, மே கடைசியில் இருவரும் ஒரே விமானத்தில் போகலாம் என்பது அவர் கணக்கு. அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டில், அந்த நாட்டு அதிகாரி முன் திருமணம் செய்வதாக இருந்தால், திருமணத்துக்கு முன்பே தன் நாட்டுத் தூதரகத்திடம் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும், இது அவர்கள் சிவில் சட்டத்தின் 171-2ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது புதுச்சேரியில் உள்ள துணைத் தூதரகம். இருவருடைய காகிதமும் அங்கே போக வேண்டும், பிறகு இந்தத் திருமணம் நடக்கப்போகிறது என்ற அறிவிப்பு தூதரகத்திலும் அவர் குடியிருக்கும் ஊரின் நகராட்சியிலும் 10 நாள் ஒட்டப்பட வேண்டும், தேவை என்று பட்டால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இதைத் தாண்டிக் கலியாணம் செய்தால் இந்தியாவில் அது செல்லும்தான். ஆனால் பிரான்சின் பதிவேட்டில் ஏற்றும்போது எல்லாம் புதிதாகத் தோண்டப்படும், அதுவரை மனைவி விசா பேச்சே இல்லை. மே 8க்கு மிச்சம் பத்து வாரம். அப்பாவிடம் பத்திரிகையை அச்சடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் பதில் பேசாமல் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரி, காகிதம் சேர்க்கத் தொடங்கினோம். பெண் பக்கம் முதலில் மாட்டியது பிறப்புச் சான்றிதழ். 1995ல் பதிந்தது, பெயர் கட்டம் காலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான், பிள்ளை பிறந்த உடன் பதிந்துவிடுவார்கள், பெயர் பிறகு வைப்பார்கள், போய்ச் சேர்க்க மாட்டார்கள். பெயர் சேர்க்க 15 வருடம் என்று கெடு உண்டு. தமிழ்நாட்டில் அதைப் பல முறை நீட்டித்தார்கள், 2023ல் நீட்டிப்பு நடப்பில் இருந்ததால் தப்பித்தோம். அடுத்து அப்பா பெயர். அந்தோணி என்பதற்கு ஆங்கிலத்தில் ஆதாரில் ஹெச் இருக்கிறது, பள்ளிச் சான்றில் இல்லை, பாஸ்போர்ட்டில் மறுபடி இருக்கிறது. தமிழில் படிக்கும் நமக்கு இது ஒரே ஆள். தமிழ் தெரியாத அதிகாரிக்கு இரண்டு ஆள். இதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஓடியது. திருத்திய சான்றிதழைச் சென்னையில் மாநில அரசிடம் சான்றொப்பம் வாங்கி, அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அனுப்பினோம். அப்போஸ்டில் என்பது 1961 ஹேக் உடன்படிக்கைப்படி ஒரு நாட்டுக் காகிதத்தை இன்னொரு நாடு நம்புவதற்கான முத்திரை. இந்தியா அதில் சேர்ந்தது 2005ல்தான்.

மாப்பிள்ளை பக்கம் வந்த காகிதம்தான் வீட்டையே புரட்டிப்போட்டது.

வெளிநாட்டில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு நான்த் நகரில் உள்ள மையப் பதிவகம் புதிதாக ஒரு பிறப்புப் பதிவு எழுதி வைக்கிறது. இனி அவர் பிறப்புச் சான்று என்றால் அதுதான். அந்த நாட்டுப் பிறப்புப் பதிவுக்கு ஒரு குணம் உண்டு, நம் சான்றிதழ் போலப் பிறந்த நாளோடு நின்றுவிடாது. திருமணமானால் ஓரத்தில் எழுதுவார்கள், விவாகரத்தானால் அதையும் எழுதுவார்கள். மூன்று மாதத்துக்குள் எடுத்த நகல்தான் செல்லும் என்று கேட்பதும் அதனால்தான், ஓரத்தில் கடைசியாக என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க. அவருடைய நகலின் ஓரத்தில் இரண்டு குறிப்பு. 2016ல் திருமணம். 2020ல் விவாகரத்து.

பெண்ணுக்குத் தெரியும். முதல் மாதமே அவளிடம் சொல்லிவிட்டார். அவளுடைய அப்பா அம்மாவுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு என் மேசையில் இருந்தது, அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார், நான் அந்தப் பக்கத்தை எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். வைக்கவில்லை. பெண்ணைப் பார்த்தேன், அவளே வாங்கி அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். அவர் எழுந்து போய்விட்டார், வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைக்கூட எடுக்கவில்லை, நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அன்று இரவு மாப்பிள்ளை என்னிடம் சொன்னது: "அவருக்கு நானே சொல்லியிருக்க வேணும் அக்கா. பயந்திட்டன்." வெளிநாட்டு மாப்பிள்ளை பார்க்கும் எல்லோரிடமும் நான் இதைச் சொல்லிவிடுகிறேன். காகிதம் எல்லாவற்றையும் சொல்லிவிடும், அதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை விவாகரத்து ஒரு தடையே இல்லை. உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. பிரான்சில் வசிக்கும் பிரெஞ்சுக்காரருக்கு அங்கேயே நீதிமன்றம் கொடுத்த விவாகரத்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்தது. தீர்ப்பின் நகலுக்கு அங்கே அப்போஸ்டில் போட்டு, மொழிபெயர்த்து வாங்கினோம்.

கோயிலில்தான் கதவு அடைத்தது. பங்குத்தந்தை நல்ல மனிதர், உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். மாப்பிள்ளை வேறு சமயம் என்பது மட்டும் என்றால் சிவகங்கை ஆயரிடம் விலக்கு வாங்கி, மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்து முடித்துவிடலாம். ஆனால் முந்தைய திருமணத்தை, அது இரண்டு சைவர்களுக்குள் நடந்ததாக இருந்தாலும், திருச்சபை ஒரு பந்தமாகத்தான் பார்க்கிறது, சிவில் கோர்ட் விவாகரத்து அதை அவிழ்க்காது. அதற்கு மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், அது மாதக் கணக்கு அல்ல. மே 8 அங்கேயே முடிந்தது.

ஏஜென்ட் விடவில்லை. அப்படியானால் ராமேசுவரத்தில் ஒரு கோயிலில் தாலி கட்டி இந்துத் திருமணச் சட்டப்படி பதிந்துவிடலாம் என்றார். 1955 இந்துத் திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையில் நடக்கும் திருமணத்துக்கு மட்டும்தான். பெண் கத்தோலிக்கர், மதம் மாறும் எண்ணம் அவளுக்கு இல்லை. அப்படிப் பதிந்தால் சான்றிதழ் கையில் இருக்கும், திருமணம் இருக்காது. அப்புறம் 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டம் நடந்த திருமணத்தை 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாளுக்குள் பதியச் சொல்கிறது. செல்லாத திருமணத்தை அது செல்ல வைக்காது. நோட்டரி முன் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியும் அப்படித்தான், அது வெறும் முத்திரைத்தாள். கொடுத்த பணத்தில் பாதியைத்தான் திரும்ப வாங்க முடிந்தது.

ஆக மிச்சம் இருந்த வழி 1954 சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டு மதமும் அப்படியே இருக்கலாம், ஒருவர் வெளிநாட்டவராகவும் இருக்கலாம். இதன் நாள் கணக்கைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் அறிவிப்புக்கு முன் 30 நாள் குடியிருந்தால் போதும், இருவரும் இருக்கத் தேவையில்லை. பெண் பிறந்ததிலிருந்து இங்கேதான். அறிவிப்புக் கொடுத்த பிறகு 30 நாள் அது பலகையில் இருக்கும், யாராவது ஆட்சேபம் சொன்னால் திருமண அலுவலர் விசாரிப்பார். அந்த 30 நாளும் மாப்பிள்ளை ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்கவில்லை என்றால் அது காலாவதி. முதல் மாதம் காத்திருப்பு, அடுத்த இரண்டு மாதம் ஜன்னல்.

இதை வைத்துத்தான் திட்டம் போட்டோம். அவருக்கு ஒரே தடவையில் மூன்று வாரத்துக்கு மேல் லீவு கிடையாது. அதனால் இரண்டு பயணம். ஏப்ரலில் வந்து ஏப்ரல் 20 அன்று இருவரும் கையெழுத்திட்டு அறிவிப்பைக் கொடுப்பது, அந்த வாரத்திலேயே புதுச்சேரி நேர்காணலையும் முடிப்பது, திரும்பிப் போவது, தகுதிச் சான்று வந்ததும் ஜூலை 20க்குள் மறுபடி வந்து திருமணம். தூதரகச் சான்றின் அறிவிப்பு ஒரு வருடம் செல்லும், இங்கே மூன்று மாதம்தான் செல்லும். எது சீக்கிரம் காலாவதி ஆகுமோ அதைக் கடைசியில் தொடங்க வேண்டும். தூதரக மனுவை மார்ச்சிலேயே அனுப்பியதால்தான் இரண்டும் ஒரே ஜன்னலில் விழுந்தன.

பெண் ஒரு நாள் கேட்டாள், "வீடியோ காலில் கட்டிக்க முடியாதா அக்கா? மதுரை கோர்ட்டு சொல்லியிருக்குதாமே?" கேட்டதில் தப்பில்லை. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளையும் கன்னியாகுமரி மாவட்டப் பெண்ணும் காணொலி வழியாக இதே சட்டத்தில் மணக்க உத்தரவு போட்டது. எங்கள் வழக்கில் அது உதவாது, ஏனென்றால் பிரெஞ்சுச் சட்டத்தில் 146-1 என்று ஒரு பிரிவு, பிரெஞ்சுக்காரரின் திருமணம் எந்த நாட்டில் நடந்தாலும் அவர் நேரில் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே செல்லும், அங்கே செல்லாது. இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு முடிவும் எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 20 அன்று சுலபமாக முடியவில்லை. அலுவலகத்தில் அவருடைய பெற்றோர் இலங்கை என்று பார்த்துவிட்டு, இலங்கைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று கேட்டார்கள். அவர் இலங்கைக் குடிமகனே இல்லை. எந்த நாட்டு பாஸ்போர்ட்டோ அந்த நாட்டுச் சான்றுதான் என்று எழுத்தில் கொடுத்தேன். பிறகு, அவர் நிரந்தரமாக வசிக்கும் மாவட்டத்துக்கு அறிவிப்பின் நகல் அனுப்ப வேண்டுமே, எங்கே அனுப்புவது என்றார்கள். அந்தப் பிரிவு இங்குள்ள மாவட்டத் திருமண அலுவலருக்கானது, பாரிசில் அப்படி ஒருவர் கிடையாது என்று சட்டத்தைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். மாலை நான்கு மணி ஆகிவிட்டது.

பலகையில் அறிவிப்பு ஏறிய மூன்றாம் நாள் உளவுப் பிரிவுக் காவலர் இருவர் பெண் வீட்டுக்கு வந்தார்கள். இலங்கைக்கு எதிரில் இருக்கும் கடற்கரையில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். எங்கள் பக்கம் ஒரு குறை இருந்தது. அவர் முதலில் ராமேசுவரத்தில் லாட்ஜில் தங்கினார், லாட்ஜ்காரர் வெளிநாட்டவருக்கான சி படிவத்தை ஆன்லைனில் ஏற்றிவிட்டார். பிறகு பெண்ணின் தாய்மாமன் வீட்டுக்கு மாறினார், அங்கே யாரும் ஏற்றவில்லை. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், இது லாட்ஜுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும்தான். அன்றே ஏற்றினோம், விளக்கம் எழுதிக் கொடுத்தோம், அதோடு முடிந்தது. வெளிநாட்டு மருமகன் வருகிறார் என்றால் விருந்துக்கு முன் இதைச் செய்யுங்கள்.

அந்தப் பலகை அறிவிப்பு பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் பெயரும் விலாசமும் 30 நாள் சுவரில் தொங்குவது எனக்குச் சம்மதம் இல்லை. அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில், மணமக்கள் கேட்டால் மட்டும் ஒட்டினால் போதும் என்றது. நம் பக்கம் இன்னும் ஒட்டத்தான் செய்கிறார்கள். இந்தப் பெண்ணுக்குக் குடும்பம் தெரிந்தே நடந்ததால் ஆபத்து இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் வரும் பெண்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

புதுச்சேரிக்கு ராமநாதபுரத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கிப் போனார்கள். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்தியிருந்தார்கள். எப்படிப் பழக்கம், முதல் மனைவி பற்றித் தெரியுமா, எங்கே வசிக்கப் போகிறீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். முதல் திருமணம் பற்றி எந்தத் தயக்கமும் இல்லாமல் தேதியோடு அவள் சொன்னதுதான் பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜூன் மூன்றாம் வாரம் சான்று வந்தது.

இதற்கிடையில் அம்மா இன்னொரு ஆசையோடு வந்தார். மகனுக்கும் தாய்மாமன் மகளுக்கும் அதே பந்தலில் பரிசம் போட்டு, கலியாணத்தையும் வருட முடிவுக்குள் வைத்துவிடலாமா? தம்பி அந்த வருடம்தான் கடற்படையில் அக்னிவீரராகச் சேர்ந்திருந்தான். அக்னிவீரர் நான்கு வருடப் பணிக்காலம் முழுக்கத் திருமணம் செய்யக் கூடாது, செய்தால் வேலை போகும். உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில்கூட இது தெரியாமல் தேதி பார்க்கிறார்கள். பேசி வைத்துக்கொள்ளுங்கள், 2027 வரை தாலி என்ற பேச்சு வேண்டாம் என்றேன். இந்தியப் படைவீரர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரை மணப்பதாக இருந்தால் முன் அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன். முகாமில் இருக்கும் ஈழப்பெண்ணும் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் வெளிநாட்டவர்தான், மொழி ஒன்றாக இருந்தாலும்.

ஜூலை 10, திங்கட்கிழமை. சாட்சி மூன்று பேர் வேண்டும். தாய்மாமன் வந்தார், பெண்ணோடு வேலை பார்க்கும் நர்ஸ் வந்தாள், மூன்றாவதாக நான் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போயிருந்தார், மார்ச்சிலிருந்து மாப்பிள்ளையிடம் பேசவே இல்லை. பதினொரு மணிக்குச் சார்பதிவாளர் கூப்பிடும்போது படியேறி வந்தார், அன்று அதிகாலைதான் கரையேறியிருக்கிறார். என்னிடம் "நீங்க ஒதுங்குங்க வக்கீலம்மா" என்றார். பேனாவை வாங்கி மூன்றாவது இடத்தில் போட்டார். ஹெச் உள்ள அந்தோணி. அதையும் மறக்காமல் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்தது நீளமாக இருந்தாலும் நேரான பாதை. திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, தூதரகம் வழியாகப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றம், குடும்பப் பதிவுக் கையேடு. மனைவி விசாவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஏற்றம் முடியாமல் அதற்குப் போகவே முடியாது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். பிரான்சில், பிறந்தபோது வைத்த பெயர்தான் சட்டப்படியான பெயர், நடுவில் மாற்றினால் பழைய அந்தோணிக் கதை மறுபடி தொடங்கும். 2024 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். மூன்று மாதத்துக்குள் விசாவை அங்கே ஆன்லைனில் உறுதிப்படுத்த வேண்டும் என்பதை மட்டும் நான் இரண்டு முறை நினைவுபடுத்தினேன். கோயில் தீர்ப்பாய மனு இன்னும் நடக்கிறது. அப்பா ஒவ்வொரு மாதமும் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்கிறார்.

2025 ஜூலையில் மாப்பிள்ளையிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, ரெண்டு வருசம் முடிஞ்சுது." இந்தியக் குடிமகளின் கணவராக, பதிந்த திருமணம் இரண்டு வருடம் தொடர்ந்திருந்தால் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அதைத்தான் கேட்கிறார். அவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன், 1986ல் இதே மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் விஷயத்தில் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அதைத்தான் சொன்னது. அப்படிப் பார்த்தால் 2018ல் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய நாள் வரை அவர் இந்தியர், முன்னாள் குடிமகன் என்றே விண்ணப்பிக்க இடம் உண்டு. கணவர் வழி சுலபம், அதில்தான் போகச் சொன்னேன். ஆனாலும் அவர் மண்டபத்துப் பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று வேண்டும் என்றார், எதற்கும் இல்லை, சும்மா வீட்டில் வைத்துக்கொள்ள. கோப்பில் நான்த் பதிவுக்குப் பின்னால் இருந்தது, நேற்று எடுத்து அனுப்பினேன்.